கூன் மேலே பார்க்கணும்

ஒரு கண்ணை இறுக மூடி, நாக்கு நுனியைப் பல்லிடுக்கில் கடித்துக்கொண்டு, அறுக்கக் கிடக்கும் தடியின் முனையில் குத்தவைத்து உட்கார்ந்திருக்கிறார் ஒத்தக்கண்ணு அக்கா. இந்த நேரத்தில் மர அறுவை மில்லில் யாரும் வாய் திறக்கக் கூடாது. இருமல் வந்தால்கூட வெளியே போய் இருமிவிட்டு வரவேண்டும். மரத்தின் வளைவு எங்கே தொடங்கி எங்கே அடங்குகிறது என்று அவர் பார்த்து முடிக்கிறவரை ரம்பம் ஓடாது.

பெயரைக் கேட்டு ஏமாந்துவிடாதீர்கள். அக்காவுக்கு இரண்டு கண்ணும் பழுதில்லாமல் இருக்கின்றன. புதிதாக வந்த லாரி டிரைவர் ஒருவர் பாவப்பட்டு, "எந்தக் கண்ணும்மா தெரியாது?" என்று விசாரித்திருக்கிறார். "கோணலான ஆளைப் பார்த்தா மட்டும் ஒண்ணு தானா மூடிக்கும்" என்று பதில் வந்ததாம்.

பழக்கம் மில்லோடு நிற்பதில்லை. தெரு விளக்குக் கம்பம், பக்கத்து வீட்டுக் கதவு நிலை, மகளின் தலை வகிடு, எதுவும் அந்தக் கண்ணுக்குத் தப்பாது. ஒருமுறை பல் வலி என்று டாக்டரிடம் போனவர், அங்கிருந்த நாற்காலி ஒரு பக்கம் சாய்வதைக் கண்டுபிடித்து, அதற்கு ஒரு ஆப்பு செதுக்கிக் கொடுத்துவிட்டு, பல்லைக் காட்டவே மறந்து வீடு திரும்பினார்.

டிராலி தள்ளுவதும் ரம்பத்துக்குப் பல் தீட்டுவதும் அவர் கணவர். தங்கமான மனிதர். ஒரே குறை, அவருக்கு ஒரு கண்ணை மட்டும் மூட வராது. ஒன்றை மூடினால் மற்றதும் கூடவே மூடிக்கொள்ளும். கல்யாணமான புதிதில் தடியின் வளைவைக் குறி பார்க்கும் வேலை அவருடையதுதான். இரண்டு கண்ணையும் மூடிக்கொண்டு அவர் "நேரா இருக்கு" என்று சொன்ன தடிகளின் லட்சணத்தைப் பார்த்த பிறகே அக்கா அந்த இடத்தைப் பிடித்தார்.

இருவருக்கும் சண்டை வராத தடி கிடையாது. கணவருக்கு வளைந்த மரம் என்றாலே ஆகாது. "ரெண்டா போட்டா ரெண்டும் நேராயிடும். இதுக்குப் போய் மண்டைய ஒடச்சுக்கறியே!" என்பார். "வளைஞ்சதை எல்லாம் வெட்டணும்னா மொதல்ல உங்க முதுகைத்தான் வெட்டணும்" என்பார் அக்கா.

இந்தச் சண்டை உச்சத்துக்குப் போனது அக்காவுடைய தங்கையின் மரத்தால். அவள் வீட்டுப் பின்புறம் நின்ற மரம் காற்றில் சாய்ந்தது. நன்றாக வைரம் பாய்ந்த மரம், ஆனால் நடுவில் பெரிய கூன். தங்கை தையலை விட்டுவிட்டு டீக்கடை திறக்க இருந்தாள். டீ கிளாஸ் வைக்கிற முகப்பு மேடைக்கு ஒட்டுப் போடாத ஒரே பலகை வேண்டும். "ஒட்டுப் போட்டா இடுக்குல சக்கரை எறங்கி எறும்பு மொய்க்கும்க்கா. இதை விட்டா அவ்வளவு பெரிய பலகைக்கு நான் எங்க போவேன்?" என்றாள். தச்சர் மரத்தைச் சுற்றி வந்து கையை விரித்துவிட்டார்.

அக்கா எல்லார் முன்னாலும் வாக்குக் கொடுத்தார். "ஒரே பலகையா தரேன். முடியலைன்னா இனிமே குறி பார்க்க இவரையே உக்கார வச்சிடறேன்."

மில்லே சிரித்தது. தங்கை மட்டும் சிரிக்கவில்லை.

தடியை டிராலியில் ஏற்றினால் அது கூனைப் பக்கவாட்டில் சாய்த்துக்கொண்டு சுகமாகப் படுத்துவிடும். அப்படியே விட்டால், நிமிர்ந்து நிற்கும் ரம்பம் கூனைக் குறுக்கே சீவிவிடும். கிடைப்பது குட்டைப் பலகை, மீதி விறகு.

"கூன் மேலே பார்க்கணும்" என்றார் அக்கா.

"நிக்காது. உருண்டு என் கால் மேலதான் விழும்."

"ஆப்பு வைங்க, நிக்கும்."

முணுமுணுத்துக்கொண்டே அவர் இரண்டு பக்கமும் ஆப்பு அடித்தார். சின்னப் பாலம் மாதிரி இரு முனைகளில் நின்றது தடி. இப்போது ரம்பம் வளைவோடு சேர்ந்தே உள்ளே போகும், நீளம் குறையாது. ஆனால் முதல் பலகை பாதி அறுபடும்போதே படீரென்று விலகித் துள்ளியது. தங்கை முகத்தைப் பொத்திக்கொண்டாள். கணவர் "நான் சொன்னேன்ல" என்று தொடங்கினார்.

அக்கா ரம்பத்தை நிறுத்தச் சொன்னார். "வளைஞ்சு வளந்தது உள்ளுக்குள்ள முறுக்கிக்கிட்டுத்தான் இருக்கும். ஒரே பக்கமா சீவினா கோவிச்சுக்கும். திருப்பிப் போடுங்க." அந்தப் பக்கம் ஒரு பலகை, இந்தப் பக்கம் ஒரு பலகை என்று மாற்றி மாற்றி எடுத்தார்கள். மரத்தின் கோபம் தணிந்தது. கடைசியில் நடுநெஞ்சுக்குப் பக்கத்திலிருந்து, முழு நீளத்தில், தடிமனான பலகை ஒன்று சத்தமில்லாமல் பிரிந்து வந்தது.

அது காய வேண்டும். காயும்போது முறுக்கிக்கொண்டால் எல்லாம் வீண். நிழலில் கிடத்தி, மேலே கல்லேற்றி வைத்தார்கள். "முறுக்கிக்கத்தான் போவுது, பாரேன்" என்று கணவர் வாய் ஓயாமல் சொல்லிக்கொண்டிருந்தார். ஆனால் தினமும் மில் திறந்ததும் முதலில் போய் அந்தப் பலகையைத் தடவிப் பார்த்ததும், வெயில் நகர நகரச் சாக்கை இழுத்து மூடியதும் அவர்தான். அக்கா பார்த்தும் பார்க்காதவர் போல இருந்தார். உள்ளூர அவருக்கு அதில் அவ்வளவு சந்தோஷம்.

பலகையைக் கடையில் வைத்துப் பார்த்த அன்றுதான் தங்கை திடுக்கிட்டாள். "அக்கா, கடை நேரா இருக்கு, இது வில்லாட்டம் வளைஞ்சிருக்கே!"

"வளைவுக்கு உள்ள போய் நில்லு."

போய் நின்றாள். இந்தக் கை நீட்டினால் அடுப்பு, அந்தக் கை நீட்டினால் கல்லாப்பெட்டி. பலகையின் இரு கோடியும் எட்டியது. "அடி எடுத்தே வைக்க வேணாம் போலிருக்கே!" என்று சிரித்தவளுக்குக் கண் கலங்கிவிட்டது.

அக்கா அதற்குள் பலகையின் கோடியில் குனிந்து ஒரு கண்ணை மூடியிருந்தார். கணவர் மெல்லப் பக்கத்தில் வந்து நின்றார்.

"முறுக்கிக்கலையே?"

"நீங்களே பாருங்க."

அவர் குனிந்தார். ஒரு கண்ணை மூடினார். மற்றதும் மூடிக்கொண்டது. மறுபடி முயன்றார், முகம் முழுவதும் சுருங்கியதுதான் மிச்சம்.

"ஒண்ணுமே தெரியலையே" என்றார்.

அக்கா சிரிக்கவில்லை. மரத்தூள் ஒட்டிய உள்ளங்கையால் அவருடைய இடது கண்ணை மெதுவாகப் பொத்தினார்.