பீரோவில் காய வைத்த மோட்டார்

போன வாரம் செங்கோட்டையிலிருந்து ஜெயா போனில் ஒரு படம் அனுப்பியிருந்தாள். ஐ.டி.ஐ.யில் என்னோடு எலக்ட்ரீஷியன் படித்தவள். வீட்டுக்குப் பின்னால் தகரக் கூரை போட்ட ஒரு சின்ன அறை, சுவரில் சிமெண்ட் ஈரம்கூடக் காயவில்லை. "பட்டறை போடப் போறேன். மொதல்ல என்ன வாங்கட்டும்?" என்று கேட்டிருந்தாள். கேள்விக்குக் கீழே ட்ரில்லிங் மெஷின், எல்.இ.டி. விளக்கு, டூல்ஸ் மாட்டும் போர்டு என்று அவளே ஒரு பட்டியலும் போட்டிருந்தாள். மூன்று தடவை பதில் எழுதி மூன்று தடவையும் அழித்தேன். கடைசியில் "ஆடாத மேஜை" என்று மட்டும் அனுப்பினேன். மற்றதையெல்லாம் போனில் தட்டிக்கொண்டிருக்க முடியாது. உங்களிடம் சொல்லலாம்.

எனக்கு முதலில் கிடைத்தது மேஜைகூட இல்லை, ஒரு கதவு. அப்போது கல்யாணமாகி இரண்டாம் வருஷம். தென்காசியில் ஒரு மோட்டார் வைண்டிங் கடையில் வேலை பார்த்துக்கொண்டிருந்தேன். எரிந்துபோன மோட்டாருக்குள்ளிருந்து பழைய செம்புக் கம்பியை உருவி எடுத்துவிட்டு, புதுக் கம்பி சுற்றி மறுபடி ஓட வைக்கிற வேலை. அதில் எனக்குச் சுற்றுவதற்கு மட்டும்தான் அனுமதி, அதுவும் கடையின் பின்பக்கம் ஒரு திரைக்குள் உட்கார்ந்து. மோட்டாருக்குள் கம்பியை இறக்குவது, முடிப்பது, வருகிறவர்களிடம் பேசுவது எல்லாம் முன்பக்கம். நானும் முழு மோட்டார் செய்கிறேனே என்று ஒருநாள் கேட்டேன். பொம்பளை செய்தது என்று தெரிந்தால் அடுத்த மோட்டார் வராதும்மா என்றார் முதலாளி. கெட்ட மனுஷர் இல்லை. சாயந்தரம் மழை வரும் என்று சொல்கிற மாதிரிதான் சொன்னார். எனக்கு அதுதான் பொறுக்கவில்லை. வீட்டிலேயே பட்டறை போட்டுவிடுவது என்று பஸ்ஸில் வரும்போதே முடிவு செய்துவிட்டேன். எங்கே, எதை வைத்து என்பதெல்லாம் இறங்கின பிறகுதான் யோசித்தேன். என் காரியங்கள் எல்லாமே அப்படித்தான்.

எங்கள் வீடு தென்காசியிலிருந்து குற்றாலம் போகிற வழியில். பின்னால் ஒரு விறகுக் கொட்டகை உண்டு. அத்தைக்கு, அதாவது என் மாமியாருக்கு, கேஸ் அடுப்பில் வேகிற சோற்றின் மேல் நம்பிக்கை கிடையாது. அதனால் கொட்டகை முழுக்க விறகும் தென்னை மட்டையுமாக அடைந்து கிடக்கும். அதில் பாதி கேட்டேன். ஒரு வாரம் கழித்துக் காலையில் பார்த்தால், அத்தை கொட்டகைக்கு நடுவில் குறுக்காகக் கயிறு கட்டிக்கொண்டிருக்கிறாள்.

"இதுக்கு அங்கன ஒன் இரும்பு, இங்கன என் வெறகு. தாண்டப்படாது."

என் வீட்டுக்காரருக்குப் பாவூர்சத்திரம் மார்க்கெட்டில் லோடு டெம்போ ஓட்டுகிற வேலை. பேச்சு குறைவு. நான் சொன்னதைக் கேட்டுவிட்டுப் போனவர், இரண்டு நாள் கழித்து எங்கோ இடித்த வீட்டின் கதவு ஒன்றைக் கொண்டுவந்து இறக்கினார். நல்ல தேக்கு. நான்கு கால் நட்டு, காலைத் தரையில் முழ ஆழம் புதைத்து, மேலே கதவைப் படுக்கப் போட்டோம். தாழ்ப்பாளைக் கழற்ற மறந்துபோனோம், அது என் முழங்கையை எத்தனை தடவை கிழித்திருக்கிறது என்று கேட்காதீர்கள். சுற்றுகிற மெஷின் செங்கோட்டையில் ஒருவர் கொல்லம் பக்கம் போவதற்காக விற்றது. டெம்போவில், சின்ன வெங்காய மூட்டைகளுக்கு நடுவில் ஏறி வந்தது. ஒரு மாசம் வரை, கைப்பிடியைச் சுற்றும்போதெல்லாம் உள்ளி வாசம் எழும்பி எனக்குப் பசிக்கும். எந்தச் சாமான் எங்கே என்று மறந்துபோகிறவள் நான் என்பதால், சுவரில் ஒவ்வொன்றையும் ஆணியில் மாட்டி, அதைச் சுற்றி அடுப்புக்கரியால் உருவம் வரைந்து வைத்தேன். அந்தக் கரியும் கயிற்றுக்கு அந்தப் பக்கத்திலிருந்து எடுத்ததுதான்.

முதலில் மிக்ஸியும் ஃபேனும்தான் வந்தன. ஆனியில் அருவி சீசன் தொடங்கியது. குற்றாலத்தில் பதினாறு ரூம் உள்ள ஒரு லாட்ஜின் மேனேஜர் அண்ணாச்சி, கீழ்த் தொட்டித் தண்ணீரை மாடி டேங்குக்கு ஏற்றுகிற மோட்டாரோடு வந்து நின்றார். கடைகளில் எல்லாம் நாலு நாள் ஆகும் என்று சொல்லிவிட்டார்களாம். இரண்டே நாளில் தருகிறேன் என்றேன். என் முதல் முழு மோட்டார்.

சுற்றினேன், இறக்கினேன், கட்டினேன், கம்பிக்குக் கம்பி கரண்ட் தாவாமல் இருக்க வார்னிஷ் ஊற்றினேன். எல்லாம் சரி. காய்வதற்கு வெயில் வேண்டுமே? சீசன் சாரலில் துணியே மூன்று நாள் ஆகிறது. ஆனாலும் மூன்றாம் நாள் காலையில் அண்ணாச்சி வந்தபோது, காய்ந்துவிட்டதா என்று கேட்டதற்குக் காய்ந்துவிட்டது என்றேன். தொட்டால் விரலில் ஒட்டவில்லை, அது நிஜம். உள்ளே ஈரம் இருக்கும் என்று எனக்குத் தெரியும், அதுவும் நிஜம். திருப்பிக் கொண்டுபோக விட்டால் அடுத்த மோட்டார் வராது என்ற பயத்தில் கொடுத்தேன்.

அன்றைக்கு மத்தியானமே எரிந்துபோனது. ஒரு பக்கம் அருவி கொட்டுகிறது, லாட்ஜில் பதினாறு ரூமிலும் சொட்டுத் தண்ணீர் இல்லை. அண்ணாச்சி மொபெட்டில் மோட்டாரைக் கட்டிக்கொண்டு வந்து வாசலில் இறக்கினார். சத்தம் போட்டிருந்தால் தாங்கியிருப்பேன். அவர் மெதுவாகத்தான் பேசினார்.

"நம்பிக் குடுத்தேன் தாயி. ஒரு வார்த்த, இன்னும் காயலன்னு சொல்லிருக்கலாம்லா."

எனக்கு முகத்தை எங்கே வைத்துக்கொள்வது என்று தெரியவில்லை. ஆனால் அந்த மோட்டார் வாசலைத் தாண்டிப் போனால் நான் மறுபடி திரைக்குள்தான் என்பது மட்டும் தெளிவாகத் தெரிந்தது.

"தப்பு என்னுதுதான் அண்ணாச்சி. ஈரம்னு தெரிஞ்சே குடுத்துட்டேன். இத இங்கனயே வச்சிட்டுப் போங்க. நானே செஞ்சு தாரேன்."

அதுவரைக்கும் ரூமில் இருக்கிறவர்களுக்கு என்ன பதில் சொல்வது என்று அவர் கேட்டார். அப்போதுதான் பின்னாலிருந்து அத்தை முந்தானையில் கையைத் துடைத்துக்கொண்டே வந்தாள்.

"எங்க கெணத்து மோட்டாரக் கழட்டிக் கொண்டு போயி மாட்டுங்க. நாங்க வாளி போட்டு எறைச்சிக்கிடுதோம்."

அவ்வளவுதான் சொன்னாள். அண்ணாச்சி என்னைப் பார்த்தார், நான் அத்தையைப் பார்த்தேன். அவள் ஏற்கெனவே வாளியைத் தேடப் போய்விட்டாள். ஏன் அப்படிச் செய்தாள் என்று பல வருஷம் கழித்துக் கேட்டேன். நீ தப்பை ஒத்துக்கிட்டயே, பிறகு ஒன்னைய எப்படி விட முடியும் என்றாள்.

வார்னிஷைச் சூட்டில் காய வைக்க வேண்டும். பெரிய கடைகளில் அதற்கென்று இரும்பு அலமாரி மாதிரி ஓவன் இருக்கும். இரும்பு அலமாரி என்று நினைத்ததுமே, எங்கள் அப்பா சீராகக் கொடுத்த பீரோ ஞாபகத்துக்கு வந்தது. சேலைகளையெல்லாம் கட்டிலில் அள்ளிப் போட்டேன். வீட்டுக்காரர் தட்டுகளைக் கழற்றினார். அடியில் இருநூறு வாட்ஸ் குண்டு பல்ப் நான்கு, மேலே காற்றுப் போக ஆறு ஓட்டை. கதவில், பதித்த கண்ணாடிக்கு மேலே, துளை போடும்போது அவர் கை ஒரு நிமிஷம் நின்றது. "போடுங்க" என்றேன். போட்டார். உள்ளே எவ்வளவு சூடு என்று பார்க்க, காய்ச்சலுக்கு வைக்கிற தெர்மாமீட்டரை உள்ளே வைத்தேன். ஐ.டி.ஐ. படித்தவள்! அது வெடித்துப்போனது.

இரண்டாவது தடவை அவசரப்படவில்லை. பழைய கம்பியை உருவி, புதிதாகச் சுற்றி, வார்னிஷ் ஊற்றி, மோட்டாரைப் பீரோவுக்குள் உட்கார வைத்தேன். கரண்ட் கட் ஏகத்துக்கும் இருந்த காலம். கரண்ட் போகும்போதெல்லாம் சூடு இறங்காமல் இருக்க, அத்தையும் நானும் பீரோவைச் சாக்கால் மூடுவோம். கரண்ட் வந்ததும் சாக்கை எடுப்போம். நடுவில் அண்ணாச்சி வந்து எட்டிப் பார்த்தார். இன்னும் காயவில்லை என்றேன். தலையாட்டிவிட்டுப் போனார்.

மூன்றாம் நாள் மத்தியானம் நாங்களே டெம்போவில் கொண்டுபோய் மாட்டினோம். சுவிட்சை நான்தான் போட்டேன். மோட்டார் உறுமி, சீராகி, மேலே டேங்கில் தண்ணீர் விழும் சத்தம் கேட்டது. அரை மணி நேரம் பக்கத்திலேயே குந்தியிருந்து அடிக்கடி தொட்டுப் பார்த்தேன். அண்ணாச்சி மாடியில் ஒரு ஃபேன் சத்தம் போடுவதாகவும், போகும்போது அதையும் எடுத்துக்கொண்டு போகும்படியும் சொன்னார். எங்கள் வீட்டு மோட்டாரையும் ஃபேனையும் மடியில் வைத்துக்கொண்டு வந்தேன்.

இப்போது மெயின் ரோட்டில் கடை இருக்கிறது. என்னோடு மூன்று பெண்கள், எல்லாரும் முன்பக்கம்தான். நிஜமான ஓவன் வாங்கியாகிவிட்டது. விறகுக் கொட்டகை இருந்த இடத்தில் பாத்ரூம் கட்டியிருக்கிறோம். அந்த லாட்ஜும் இல்லை, இடித்துவிட்டு ஐந்து மாடிக்கு எழுப்பியிருக்கிறார்கள். மோட்டார் கொண்டுவருகிறவர்கள் முதலில் போட்டோ அனுப்புகிறார்கள், பிறகு லொகேஷன் கேட்கிறார்கள்.

கடை வருவதற்கு முந்தின வருஷங்களில், மோட்டாரோடு யார் வந்தாலும் வாசலில் அத்தைதான் எதிர்கொள்வாள். உட்காரச் சொல்லித் தண்ணீர் கொடுத்துவிட்டு, சுகமில்லாத பிள்ளையைத் தூக்கி வந்தவர்களிடம் விசாரிக்கிற மாதிரி, "என்ன செய்யுது? எப்பத்துலேர்ந்து?" என்பாள். வந்தவர்களும் ஆதியோடந்தமாகச் சொல்வார்கள். நான் உள்ளிருந்தபடியே பாதிக் கோளாறைக் கண்டுபிடித்துவிடுவேன். அவள் போய்ச் சேர்ந்து நான்கு வருஷம் ஆகிறது. கடை வாசலில் மோட்டார் இறங்குகிற சத்தம் கேட்டால் நான் எழுந்து போய் அதே கேள்வியைக் கேட்கிறேன். "ஓடல" என்று ஒரே வார்த்தையில் முடித்துக்கொள்கிறார்கள்.