கொம்பேறி மூக்கனுக்குக் காட்டிய புகை

பேத்தியைப் பார்த்துக்கொள்ள மனைவி பெங்களூர் போனதிலிருந்து, ஸ்ரீவைகுண்டத்து வீட்டில் நானும் ஒரு குக்கரும்தான். போன பங்குனியில் ஒரு காலை, கீரை ஒடிக்கலாம் என்று கொல்லை முருங்கையில் கையை நீட்டினேன். கிளை என்று நான் பிடித்தது, திரும்பி என் விரலைக் கடித்துவிட்டு ஓடியது.

நான் கத்தவில்லை என்று எழுதத்தான் ஆசை. தோட்டத்துக்குக் கிளம்பிக்கொண்டிருந்த பக்கத்து வீட்டு அண்ணாச்சி மதிலுக்கு மேல் எட்டிப் பார்த்தார்.

"கொம்பேறி மூக்கன் வே. விஷமெல்லாம் கிடையாது. ஆனா கடிச்சிட்டுச் சும்மா போவாது. ஒசந்த மரத்துல ஏறி, உம்ம எரிக்க புகை வருதான்னு பாக்கும். பாத்தாத்தான் எறங்கும்."

"வரலைன்னா?"

"காத்துக் கெடக்கும். அதுக்கு வேற என்ன சோலி?"

நான் படித்தவன். அதனால் ஆஸ்பத்திரிக்கு ஓடினேன். ஆட்டோவிலேயே நாக்கு தடித்தது, கால் மரத்தது, கண் மங்கியது. மங்கியது மட்டும் நிஜம். கண்ணாடியை வீட்டிலேயே விட்டுவிட்டேன்.

டாக்டரம்மா விரலைக் கழுவி ஒரு ஊசி போட்டார். "ஒண்ணுமில்ல. கூட யாரு வந்திருக்கா?"

வாசலில் ஆட்டோக்காரர் நின்றார். அவரைக் காட்டினேன்.

மனைவிக்குப் போன் போட்டேன். "அது உங்களைக் கடிச்சுதா, நீங்க அதையா?" என்று சிரித்தாள். பின்னால் பேத்தி அழுதது. வைத்துவிட்டாள்.

மத்தியானம் வேப்பமர உச்சியில் நீளமாக என்னமோ கிடந்தது. அதுதானா, காய்ந்த கொப்பா என்று கண்ணாடி போட்டும் விளங்கவில்லை. ஒரு நாள் என் குக்கர் விசிலடிக்காவிட்டால், யார், எப்போது வந்து கதவைத் தட்டுவார்கள் என்று யோசித்தேன். நான் இருக்கிறேனா போனேனா என்று கவனிக்க இந்த ஊரில் அந்தப் பாம்பு ஒன்றுதான் இருந்தது.

ஆனாலும் பயம் பயம்தான். சாயங்காலம் வாழைச்சருகைக் குவித்து, மேலே என் பழைய சட்டை ஒன்றையும் போட்டுக் கொளுத்தினேன். பாம்புக்கு அடையாளம் தெரிய வேண்டாமா?

மதிலுக்கு மேல் அண்ணாச்சியின் தலை. "என்ன வே, போய்ச் சேந்துட்டீரா?"

"ஆமா அண்ணாச்சி. இப்பதான்."

அவர் சிரிக்கவில்லை. உள்ளே போனார். கொஞ்ச நேரத்தில் மதில் மேல் ஒரு தூக்குச்சட்டி வந்து உட்கார்ந்தது.

"எழவு வீட்டுல அடுப்பு பத்த வைக்கக் கூடாதுல்லா. சோறும் சொதியும் இருக்கு. சட்டியைக் காலைல நீரே கொண்டாந்து தாரும்."

கொல்லைப் படியில் உட்கார்ந்து என் எழவுச் சோற்றை நானே சாப்பிட்டேன். சொதி நன்றாக இருந்தது. அதைச் சொல்ல ஆளில்லாமல் வேப்பமரத்தைப் பார்த்தேன். உச்சி காலியாக இருந்தது. நம்பிவிட்டது போல. இன்னும் கொஞ்சம் இருந்து பார்த்திருக்கலாம்.