அப்பாவின் கோடும் அண்ணையின் கோடும்

என்ன வேலை பார்க்கிறாய் என்று ஊரில் யாராவது கேட்டால் "படகு பார்க்கிறன்" என்று சொல்லி முடித்துவிடுவேன். அதற்கு மேல் விளக்கப் போனால் பஸ் போய்விடும். தொண்டைமானாற்றில் காலையில் பஸ் ஏறி யாழ்ப்பாணத்துக்குப் போய், ஒரு சிறிய அலுவலகத்தில் மின்விசிறிக்குக் கீழே உட்கார்ந்து, நாள் முழுக்கக் கணினித் திரையில் படகுகளைப் பார்ப்பதுதான் எனக்குச் சம்பளம் தருகிற வேலை. வீட்டு வாசலில் கடல் கிடக்க, அதைப் பார்க்கப் பட்டணத்துக்குப் போகிற ஒரே ஆள் நான்தான் என்று அம்மா சிரிப்பார்.

பெரிய கப்பல்களும் பலநாள் படகுகளும் தாங்கள் எங்கே நிற்கிறோம் என்று தாங்களே சமிக்ஞை அனுப்பிக்கொண்டிருக்கும். எங்கள் கரையின் சின்னப் படகுகளுக்கு அப்படி ஒன்றும் இருக்கவில்லை. அதனால் நான் வேலைக்குச் சேர்ந்த புதிதில் திரையில் எங்கள் கடல் வெறுமையாகக் கிடந்தது. எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. அப்பாவும் அண்ணையும் ஊரில் பாதிப்பேரும் அந்த நேரம் அங்கேதான் நிற்கிறார்கள். திரையில் ஒரு ஈ காக்கை இல்லை. அக்கரையில் இந்தியாவிலிருந்து வருகிற இழுவைப்படகு எங்கள் வலையை அறுத்துக்கொண்டு போனால், அங்கே உங்கள் வலை கிடந்ததற்கு என்ன சாட்சி என்று கேட்பார்கள். அந்தச் சாட்சிக்காகத்தான் சின்னப் படகுகளுக்கும் இடம் காட்டும் பெட்டி ஒன்றைப் பொருத்திப் பூட்டும் திட்டம் வந்தது. சவர்க்காரக் கட்டி இரண்டை அடுக்கி வைத்த அளவுதான் பெட்டி. வெயிலில் தானே மின்னேற்றிக்கொண்டு, படகு நிற்கும் இடத்தையும் போகும் வேகத்தையும் அனுப்பிக்கொண்டேயிருக்கும்.

நான் அந்தக் கோடுகளை வாசிக்கப் பழகினேன். வேகமாக ஓடினால் கணினி நீல நிறத்தில் காட்டும், அது போக்குவரத்து. மெதுவாக ஊர்ந்தால் சிவப்பு. வலை விடுகிறார்கள், அல்லது இழுக்கிறார்கள். சில இடங்களில் கணினி பிழையாக எண்ணிக்கொள்ளும். இயந்திரம் பழுதாகி நிற்கிறவனையும் மீன் பிடிக்கிறான் என்று சிவப்பாக்கிவிடும். அதைத் திருத்தி, ஏன் திருத்தினேன் என்று பக்கத்தில் எழுதி வைப்பதும் என் பொறுப்பு.

பெட்டியைக் கையில் வாங்கிப் பார்த்த அப்பாவின் முகம் கோணிப்போனது. எங்கள் ஊரில் தொழிலுக்குப் புறப்படுகிறவரிடம் எங்கே போகிறாய் என்று கேட்கக்கூடாது. கேட்டால் அன்றைய தொழில் விளங்காது. அப்படிக் கேட்டதற்காக வலையைத் திரும்பத் தூக்கிக்கொண்டு வீட்டுக்குப் போனவர்களை நானே கண்டிருக்கிறேன்.

"பிள்ளை, இது நாள் முழுக்க எங்கை போறாய், எங்கை போறாய் எண்டெல்லோ கேட்டுக்கொண்டு இருக்கும்" என்றார்.

"கேக்காதப்பா. வாய் திறக்காமப் பாத்துக்கொண்டு மட்டும் இருக்கும்."

"அப்ப உன்ரை அம்மாவை மாதிரி இல்லை. சரி, பூட்டு."

அந்தக் கேள்வியின் கனம் அப்பாவுக்கு மற்றவர்களைவிட நன்றாகத் தெரியும். எங்கள் வீடு இரண்டாகப் போனதே அதனால்தான். அண்ணை கலியாணம் முடித்த பிறகும் அப்பாவின் படகில்தான் போய்வந்தார். பிறகு சொந்தமாக ஒரு படகு வாங்கினார். அதில் அப்பாவுக்கு மனவருத்தம். ஆனால் வாய் திறந்து சொல்லவில்லை. அந்தப் படகு முதல் முதலாகக் கடலில் இறங்கிய காலை, சாம்பிராணி காட்டி, தேங்காய் உடைத்து, பெடியள் எல்லாரும் தோள் கொடுத்துத் தள்ளும்போது, அப்பா கரைக்கு வந்து எல்லாருக்கும் கேட்கக் கேட்டார்: "எங்கையடா போறாய்?"

பெற்ற தகப்பன், முதல்நாள் தொழிலுக்குப் போகிற மகனிடம். அண்ணை படகைத் திரும்பக் கரையில் ஏற்றச் சொல்லிவிட்டு நடந்து போய்விட்டார். அதற்குப் பிறகு இருவருக்கும் கதை பேச்சு இல்லை. படகுகள் இரண்டும் கரையில் பக்கத்தில் பக்கத்தில்தான் கிடக்கும். ஒருவர் இழுக்கும்போது மற்றவர் கடலைப் பார்ப்பார். அவசரமான விஷயம் என்றால் அம்மா வழியாகப் போகும். அம்மா அதில் பாதியை விழுங்கிவிட்டு மீதியைத்தான் கொண்டுபோய்ச் சேர்ப்பார்.

அண்ணைக்குப் பெட்டி பூட்டப் போனபோது அவர் ஒன்றுதான் கேட்டார். "அவர் பூட்டினவரோ?"

"ஓம்."

"அப்ப எனக்கும் பூட்டு."

ஒருவருடைய இடத்தை மற்றவருக்குக் காட்டமாட்டேன் என்று எல்லாரிடமும் சொல்லித்தான் பூட்டினேன். தொழில்காரனுக்கு வலை விடுகிற இடம் சும்மா கிடைக்கிறதில்லை. ஆயுள் முழுக்கத் தேடிக் கண்டுபிடிப்பது. சொந்தச் சகோதரனுக்கும் சொல்லமாட்டார்கள். அப்படியிருக்க, ஒரு ஞாயிற்றுக்கிழமை மதியம் அப்பா சோற்றில் கை வைக்காமல் என்னைப் பார்த்துக் கேட்டார்:

"நீதானே உவனுக்கு என்ரை இடத்தைக் காட்டினனீ?"

"என்னப்பா கதைக்கிறியள்?"

"ஒவ்வொரு நாளும் கிட்ட வந்து எஞ்சினை நிப்பாட்டுறான். உவன்ரை எஞ்சின் சத்தம் எனக்குத் தெரியாதோ? என்ரை இடத்திலை வலை விடுறான்."

எனக்கு வந்த கோபத்தில் மீன் சட்டியை மேசையில் வைத்தது பக்கத்து வீட்டுக்கும் கேட்டிருக்கும். நான் காட்டவில்லை, காட்டவும் மாட்டேன், உங்கள் இரண்டு பேருடைய வறட்டுக் கௌரவத்துக்கும் நடுவில் என்னைப் பிடித்து அரைக்க வேண்டாம் என்று கத்தினேன். அம்மா இரண்டு பேரையும் பார்த்துவிட்டுத் தன் பாட்டுக்குச் சொதியை ஊற்றினார்.

மறுநாள் அலுவலகத்தில் அந்தக் கோபம் ஆறாமலே இரண்டு படகுகளின் கோடுகளையும் முதல் தடவையாக ஒரே திரையில் போட்டுப் பார்த்தேன். அப்பா சொன்னது பொய் இல்லை. அண்ணை ஒவ்வொரு நாளும் அங்கே போயிருந்தார். ஆனால் போனது தன் வலையை இழுத்து முடித்த பிறகு. அவருடைய இடம் வேறு, நல்ல தூரத்தில். அங்கே இழுத்து முடித்து, நேரே கரைக்கு வராமல் கிழக்கே சுற்றி வந்து, அப்பாவுக்குக் கொஞ்சம் எட்ட இயந்திரத்தை நிறுத்திவிடுவார். வலை விடுகிற படகின் நடை அதற்கு இல்லை. நீரோட்டத்தோடு சும்மா மிதந்துகொண்டிருக்கும். அப்பா கரைக்குத் திரும்பியதும் பின்னாலே தானும் புறப்படும். அப்பா காய்ச்சலில் படுத்திருந்த நாட்களைத் தேடிப் பார்த்தேன். அந்த நாட்களில் அண்ணை அந்தப் பக்கமே போகவில்லை.

அவர் எதற்குக் காவல் நிற்கிறார் என்று விளங்க அப்பாவின் கோட்டைப் பார்க்க வேண்டியிருந்தது. பெட்டி பூட்டின புதிதில் அவர் கரைக்கு வருகிற கோடு நேராக இருந்தது. முருகைக்கல் பாறைகளுக்கு நடுவே படகு நுழைகிற சின்ன வழியை அவர் ஒரு நாளும் தவறவிட்டதில்லை. இப்போதோ அந்த வழியைத் தாண்டி மேற்கே போய், வளைந்து, திரும்பி வந்து, தடவித் தடவி நுழைகிறது. சில நாட்களில் இரண்டு தடவை. அப்பாவுக்குக் கண் தெரியவில்லை. ஒரே வீட்டில் சோறு போட்டுக் கொடுக்கிற எனக்குத் தெரியாதது, கதை பேச்சு இல்லாத அண்ணைக்குத் தெரிந்திருக்கிறது. வாடைக்காற்று தொடங்கினால் அந்தக் கல்லில் ஒரு தடவை மோதினாலே போதும். நான் கழிவறைக்குப் போய் முகத்தைக் கழுவிவிட்டு வந்தேன்.

அன்று பின்னேரம் அப்பா முற்றத்தில் வலை பொத்திக்கொண்டிருந்தார். கிழிந்த வலைக்கண்ணை விரலால் தேடிப் பிடித்து முடிச்சுப் போடுவதை அன்றைக்குத்தான் கவனித்தேன். அவர் வலையைப் பார்க்கவே இல்லை. இடம் தெரியாதபடி கோடுகளுக்குக் கீழே இருந்த வரைபடத்தை எடுத்துவிட்டு, வெறும் கோடுகளை மட்டும் கைபேசியில் வைத்து அவரிடம் நீட்டினேன்.

"இதைப் பாருங்கோ அப்பா. உங்கடை படகும் அண்ணையின்ரை படகும்."

கைபேசியைக் கண்ணுக்குக் கிட்டப் பிடித்தார், எட்டப் பிடித்தார். "ஓம் ஓம். வடிவாத் தெரியுது" என்றார்.

கைபேசி அதற்குள் அணைந்து கறுத்துப் போயிருந்தது.

சிரிக்கவும் முடியவில்லை, அழவும் முடியவில்லை. கைபேசியை வாங்கி வைத்துவிட்டு, அவர் மடியில் கிடந்த நைலோன் நூலில் இரண்டு துண்டு வெட்டினேன். அவர் இருந்த பாயில் ஒன்றை வைத்தேன்; அது அப்பா போகிற வழி. மற்றதை அதற்குப் பக்கத்தால் வளைத்து வைத்தேன், அது அண்ணை. நின்ற இடங்களில் முடிச்சுப் போட்டேன். பிறகு அவர் கையைப் பிடித்து நூலின் மேல் வைத்தேன்.

"இது நீங்கள். இதிலை வலை இழுக்கிறியள். இதிலையிருந்து கரைக்கு வாறியள்."

விரல் நூலோடு போனது. "மற்றது உவனோ?"

"ஓம். இந்தப் பெரிய முடிச்சுத்தான் அவர் வலை இழுக்கிற இடம். உங்களுக்குக் கிட்டவும் இல்லை. அங்கை இழுத்து முடிச்ச பிறகுதான் இஞ்சாலை வாறார்."

இரண்டாவது முடிச்சில் அப்பாவின் விரல் நின்றது. அதைத் தடவினார். "இதிலை வலை விடேல்லையோ?"

"இல்லை. வலை முழுக்கப் படகிலை ஏத்தியாச்சு."

"பின்னை என்னத்துக்கு நிக்கிறான்?"

"நீங்கள் கல்லிலை அடிபடாமக் கரைக்குப் போறியளோ எண்டு பாக்க நிக்கிறார்."

அப்பா முடிச்சை விட்டுவிட்டு அண்ணையின் நூலிலேயே விரலைக் கரை வரைக்கும் கொண்டுபோனார். தன் நூலுக்குப் பின்னாலேயே அது வருவதைக் கை உணர்ந்திருக்க வேண்டும். திரும்ப முதலிலிருந்து தொடங்கினார். நான் எழும்பித் தேத்தண்ணி போடப் போனேன். திரும்பி வந்தபோதும் நூலில்தான் கை இருந்தது, கண் நனைந்திருந்தது. கண்ணில் ஏதோ விழுந்துவிட்டது என்றார். இல்லை என்று சொல்லுவதற்கு எனக்கென்ன விசரா?

அடுத்த நாள் காலையில் நான் வேலைக்குப் போய்ச் செய்த முதல் காரியம் அந்த இரண்டு படகுகளையும் திறந்ததுதான். அப்பா வலை இழுத்து முடித்திருந்தார். அண்ணை வழக்கமான இடத்தில் மிதந்துகொண்டிருந்தார். அப்பாவின் புள்ளி கரைப்பக்கம் திரும்பும் என்று பார்த்துக்கொண்டிருந்தேன். அது எதிர்ப்பக்கம் திரும்பியது. மெல்ல மெல்ல அண்ணையை நோக்கிப் போனது. அண்ணையின் புள்ளி அசையவில்லை. இரண்டும் ஒன்றின் மேல் ஒன்று ஏறி ஒரே புள்ளியாகிவிட்டன. அப்படியே நின்றன. சண்டை பிடிக்கிறார்களோ என்று திரைக்குக் கிட்ட முகத்தைக் கொண்டுபோனேன். கடலில் இரண்டு பேர் கையை நீட்டினால் விலக்கிவிட யார் இருக்கிறார்கள்? பக்கத்து மேசைப் பெண் என்ன என்று கேட்டாள். ஒன்றுமில்லை என்றேன். கடைசியில் புள்ளிகள் பிரிந்தன. அன்று அண்ணை பின்னால் வரவில்லை, முன்னால் வந்தார். அப்பாவின் கோடு அவருக்குப் பின்னாலேயே வந்து, கல்லுக்கு நடுவே தடுமாறாமல் நுழைந்தது.

பின்னேரம் நான் வீட்டுக்குப் போனபோது அண்ணை எங்கள் குசினியில் இருந்தார். அந்த வீட்டுக்குள் அவரைக் கண்டு எத்தனை காலம். அம்மா அவருக்கு முன்னால் நின்று, சாப்பிட்டு முடிய முடியப் பிட்டைப் போட்டுக்கொண்டேயிருந்தார். அண்ணை என்னைக் கண்டதும் ஏசத் தொடங்கினார்.

"அப்பாக்குக் கண் தெரியேல்லை. ஒரு வீட்டிலை இருந்துகொண்டு நீங்கள் என்ன பாக்கிறனீங்கள்? நாளைக்குப் பெரியாஸ்பத்திரிக்குக் கூட்டிக்கொண்டு போறன்."

"நானும் வாறன்."

"நீ ஒண்டுக்கும் வர வேண்டாம். உன்ரை படகைப் பார்."

அப்பா முற்றத்தில் இருந்தபடி "கொஞ்சம் மங்கல், அவ்வளவுதான்" என்றார். அதை யாரும் காதில் போட்டுக்கொள்ளவில்லை.

அண்ணை போகும்போது வாசல் படலை வரை கூடப் போய்க் கேட்டேன், அங்கே நடுக்கடலில் அப்படி என்ன கதைத்தீர்கள் என்று.

"படகைக் கொண்டுவந்து என்ரை படகோடை அணைச்சார். ஏசத்தான் போறார் எண்டு நினைச்சன். 'தம்பி, தேத்தண்ணி இருக்கோ' எண்டார். குடுத்தன். குடிச்சார். அவ்வளவுதான்."

சொல்லிவிட்டுப் படலையைச் சாத்திக்கொண்டு போனார்.

கண்புரை என்றார்கள். ஒரு கண்ணுக்குச் சத்திரசிகிச்சை முடிந்து, அப்பா கறுத்தக் கண்ணாடி போட்டுக்கொண்டு வீட்டில் இருந்து, எல்லாரையும் படாத பாடு படுத்தினார். கடைசியில் வைத்தியர் கடலுக்குப் போகலாம், ஆனால் குலுக்கம் கூடாது, தனியாகவும் போகக்கூடாது என்று சொல்லிவிட்டார்.

அதற்கு அடுத்த நாள் காலை திரையில் அப்பாவின் படகு கரையிலேயே கிடந்தது. அண்ணையின் படகு மட்டும் புறப்பட்டது. அண்ணை வேகக்காரர். அலையில் படகை அடித்து அடித்துத்தான் ஓடுவார். அவருடைய கோடு எப்போதும் கடுநீலமாக இருக்கும். அன்று அது ஊர்ந்தது. போகும்போதும் ஊர்ந்தது, திரும்பும்போதும் ஊர்ந்தது. காற்று இல்லை, இயந்திரத்திலும் ஒரு குறை இல்லை. கரையிலிருந்து கரை வரைக்கும் வலை இழுத்திருக்கிறான் என்று நினைத்து, கணினி முழுக்கோட்டையும் சிவப்பாக்கியிருந்தது. நான் கண்ணைத் துடைத்துவிட்டு அதைத் திருத்தினேன். காரணம் எழுதுகிற இடத்தில், படகில் அப்பா இருந்தார் என்று எழுதினேன்.