மூக்குத்திப் புள்ளி

கூலாயிலிருந்து ரேவதி நேற்றுக் காலை வாட்ஸ்அப்பில் படங்களாக அனுப்பிக்கொண்டே இருந்தாள். என்னிடம் ஓவியம் படித்த பாக்கியம் அக்காவின் மகள் அவள். அக்கா போன வாரம் தவறிவிட்டார். கருமாதிக்குள் அம்மாவை வரைந்து தர வேண்டும், இதில் எது நன்றாக இருக்கிறதென்று நீங்களே சொல்லுங்கள் ஆன்ட்டி என்று எழுதியிருந்தாள். கல்யாண வீட்டில் அக்கா, பத்துமலைப் படியில் மூச்சு வாங்கும் அக்கா, யார் பிறந்தநாளுக்கோ கேக் ஊட்டும் அக்கா. ஒன்றைப் பார்த்து முடிப்பதற்குள் அடுத்தது வந்து விழுந்தது. கண்ணாடியைக் கழற்றி வைத்துவிட்டு வர்ணப் பெட்டியை இழுத்தேன்.

இப்போதெல்லாம் நான் அடிக்கடி வரைவதில்லை. பழுப்பு வர்ண டியூபின் மூடி இறுகிப்போயிருந்தது. கதவிடுக்கில் கொடுத்துத் திருகியதும் பெட்டிக்குள்ளிருந்து டர்பன்டைன் வாசனை குப்பென்று வந்தது. கூடவே எனக்கு மீன் கறி வாசனையும் வரும். உங்களுக்குச் சிரிப்பாக இருக்கலாம். ஜொகூர் பாருவில் என் ஸ்டூடியோ ஒரு மமாக் கடையின் மாடியில் இருந்தது. காலையில் ரொட்டி சானாய், மதியம் மீன் தலைக் கறி என்று கீழே கொதிப்பதெல்லாம் மேலே வந்து என் கேன்வாஸில் படிந்துவிடும். என் இயற்கைக் காட்சி ஒன்றை ரொம்ப நேரம் பார்த்துக்கொண்டு நின்ற ஒருவர், பசிக்கிறது என்று கீழே இறங்கிப் போனார். திரும்பி வரவில்லை. என் வியாபாரம் அந்த லட்சணத்தில்தான் நடந்தது.

கடைக்காரர் பாய், தமிழ்நாட்டுக் கடற்கரை ஊரிலிருந்து வந்தவர். கடைச் சுவரில் தன் ஊர்க் கடலை வரையச் சொன்னார். எனக்குத் தெரிந்த கடல் ஜொகூர் நீரிணைதான். அக்கரையில் சிங்கப்பூர் கட்டடங்கள் தெரியும், அலை என்று பெரிதாக ஒன்றும் இருக்காது. அதையே மனதில் வைத்து நீலமாக வரைந்து முடித்தேன். பாய் கையைத் துடைத்துக்கொண்டு வந்து பார்த்தார். “தண்ணி நல்லா இருக்கு டீச்சர். கடல் எங்க?” என்றார். அலையை எழுப்பி, நுரை தெளித்து, படகைச் சாய்த்து மறுபடி வரைந்தேன். அவருக்குக் கண் கலங்கிவிட்டது. அடுத்த மாதமே அந்தக் கடலின் நடுவில் ஆணியடித்துப் பெரிய டிவியை மாட்டினார். கால்பந்து பார்க்க ஆள் வரும் என்று அவருக்கு வியாபாரம் தெரிந்திருந்தது.

கடல் எப்போதாவதுதான் கேட்பார்கள். எனக்குச் சோறு போட்டது இறந்தவர்களின் படங்கள். அடையாள அட்டையில் இருக்கும் தபால்தலை அளவுப் படத்தை நீட்டி, பெரிதாக வரைந்து கொடுங்கள், கொஞ்சம் சிவப்பாகப் போடுங்கள் என்பார்கள். பட்டுச்சேலையே கட்டாதவருக்குப் பட்டு வேண்டும், ஒரு நாளும் சிரிக்காதவர் சிரிக்க வேண்டும். உயிரோடு இருந்தபோது செய்யாததையெல்லாம் என் தூரிகையிடம் கேட்பார்கள். நானும் செய்து கொடுப்பேன். எண்ணெய் வர்ணம் பதினாறு நாளில் காயாது என்பதால் இதற்கெல்லாம் அக்ரிலிக்தான்.

ஞாயிற்றுக்கிழமைகளில் கூலாய் கோவில் மண்டபத்தில் இலவச வகுப்பு. மண்டபத்தில் கல்யாணம் என்றால் சாப்பாட்டுக் கொட்டகைக்கு மாறிவிடுவோம், அங்கே வாழையிலை வாசனையோடு பாடம் நடக்கும். வந்தவர்கள் பெரும்பாலும் பெண்கள். தோல் நிறம் கலக்க நான் அங்கே கண்டுபிடித்த முறை ஒன்று உண்டு. பால் விடாத கோப்பி ஓ நிறத்தில் தொடங்கு, பால் விட்டுக்கொண்டே வா, நுரைக்க ஆற்றிய பால் தேநீர், தே தாரே வரைக்கும் போகலாம், அதைத் தாண்டினால் அது நம் ஆள் இல்லை என்பேன். எல்லோரும் தலையாட்டிவிட்டுத் தாண்டுவார்கள்.

தாண்டாத ஒரே ஆள் பாக்கியம் அக்கா. செனாய் பக்கத்து எலக்ட்ரானிக்ஸ் பேக்டரியில் வேலை. நாளெல்லாம் பூதக்கண்ணாடி வழியே கண்ணுக்குத் தெரியாத பிசகைத் தேடிப் பிடிக்கிறவர். ஆனால் வரையச் சொன்னால் செம்பருத்தி மட்டும்தான் வரும். முகம் வரையலாமே அக்கா என்றால், முகம் பெரிய பொறுப்பு டீச்சர் என்று நழுவிவிடுவார்.

அப்போதுதான் லாபிஸில் அண்ணன் வீட்டிலிருந்த அவருடைய அம்மா இறந்துபோனார். எல்லார் கையிலும் கேமராவோடு கைப்பேசி வராத காலம் அது. ஒரு வெள்ளத்தில் வீட்டு ஆல்பம் ஊறி, படமெல்லாம் ஒன்றோடொன்று ஒட்டிக் கூழாகியிருந்தது. மிஞ்சியது அம்மாவின் அடையாள அட்டை, ஐசி ஒன்றுதான். அண்ணன் சுப்பையா லாரி ஓட்டுகிறவர், காரியத்தில் கெட்டி. மறுநாளே இறப்பைப் பதிந்துவிட்டார். செத்தவர்களின் ஐசியைத் திருப்பிக் கொடுக்க வேண்டும் என்று கவுண்டரில் கேட்டிருக்கிறார்கள். கொடுத்துவிட்டார். வீட்டுக்கு வந்து சாமி படத்துக்குப் பக்கத்தில் வைக்கத் தேடியபோதுதான், கொடுத்தது அம்மாவின் முகத்தை என்று தெரிந்தது. ஓடிப் போய்க் கேட்டார். ரத்துசெய்ததைத் திருப்பித் தர முடியாது என்று சொல்லிவிட்டார்கள்.

அண்ணனும் தங்கையும் என் மாடிக்கு ஏறி வந்தார்கள். கையில் அந்த ஐசியின் பழைய போட்டோஸ்டேட் ஒன்று இருந்தது. அதில் முகம் இருக்க வேண்டிய இடத்தில் மையிருட்டு. மூக்கு இருக்குமிடத்தில் மட்டும் ஒரு வெள்ளைப் புள்ளி.

“மூக்குத்தி” என்றார் அக்கா.

கண் எப்படி இருக்கும் என்று கேட்டேன். நல்லா இருக்கும் என்றார் அண்ணன். வாய்? அதுவும் நல்லா இருக்குமாம். இப்படிக் கேட்டால் நடக்காது என்று எனக்கு அனுபவம் இருந்தது. சரி, உங்கம்மாவுக்குக் கோபம் வந்தால் எப்படிப் பார்ப்பார் என்று கேட்டேன். இருவரும் ஒரே நேரத்தில் இடது புருவத்தைத் தூக்கி, உதட்டை மடித்து என்னை முறைத்தார்கள். அப்புறம் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டார்கள். அண்ணன் துண்டால் முகத்தை மூடிக்கொண்டு அழுதார்.

“என்னைப் பாத்து வரைங்க டீச்சர்” என்றார் அக்கா.

நான் மாட்டேன் என்றேன். நான் ஒன்றும் பெரிதாகச் சாஸ்திரம் பார்க்கிறவள் இல்லை. ஆனாலும் உயிரோடு இருக்கிற முகத்தை வரைந்து அதற்கு மாலை போடுவது என்றால் கை கூசத்தானே செய்யும்? பிள்ளைகள் இருக்கிறார்கள், வேண்டாம் அக்கா என்று எவ்வளவோ சொன்னேன்.

“எங்கம்மாவுக்கு ஒரு மூஞ்சி வேணும் டீச்சர். எங்கிட்ட இருக்கு, எடுத்துக்குங்க.”

அம்மாவின் சேலையைக் கட்டிக்கொண்டு ஜன்னலோரம் உட்கார்ந்தார். நான் அவர் முடியை வெளுத்தேன், கன்னத்தைத் தளர்த்தினேன், கண்ணுக்குக் கீழே கோடு போட்டேன். அண்ணன் கீழே போய்த் தே குடித்துவிட்டு வந்து வந்து பார்த்தார். தாடை இன்னும் கொஞ்சம் இறங்கணும் என்பார், மறுபடி கீழே போய்விடுவார். முடித்ததும் அக்கா எழுந்து வந்து தன் முதுமையை வெகுநேரம் பார்த்தார். மூக்குத்தியை மட்டும் நான் வைக்கிறேன் என்று தூரிகையை வாங்கிக்கொண்டார். பேக்டரியில் நகை போடக்கூடாதென்று அவர் மூக்கே குத்திக்கொள்ளவில்லை. மூச்சைப் பிடித்துக்கொண்டு ஒரே ஒரு வெள்ளைப் புள்ளி வைத்தார். செம்பருத்தி தவிர அவர் வரைந்தது அது ஒன்றுதான். இருண்டு கிடந்த முகம் அந்தப் புள்ளியால் விழித்துக்கொண்டது. எனக்கு உள்ளுக்குள் பொறாமையாகக்கூட இருந்தது.

கருமாதியன்று லாபிஸுக்கு நானும் போயிருந்தேன். படத்தின் பக்கத்திலேயே அக்கா நின்றதால் சங்கதி எல்லோருக்கும் புரிந்துவிட்டது. மாலையை எடுத்த சித்தி ஒருவர் கையை இழுத்துக்கொண்டார். உயிரோட இருக்குறவளுக்கு மாலையா என்று பின்னால் முணுமுணுப்பு எழுந்தது. அண்ணன் தலை குனிந்து நின்றார். அக்கா சித்தியின் கையிலிருந்து மாலையை வாங்கி, படத்துக்குத் தானே போட்டுக் கும்பிட்டார். பிறகு சமையற்கட்டுக்குப் போய்ச் சோறு வெந்துவிட்டதா என்று பார்த்தார்.

அந்த மாடியில் இப்போது கைப்பேசிக்கு உறை விற்கிறார்கள். பாயின் கடலுக்கு மேலே வெள்ளைச் சுண்ணாம்பு. ஞாயிற்று வகுப்பு எப்போது நின்றது என்று எனக்கே சரியாக நினைவில்லை. படமே இல்லை டீச்சர் என்று மாடியேறி வரும் மனிதர்களும் போய்விட்டார்கள். ரேவதியின் படங்களை மறுபடி திறந்து, நான் அன்று வரைந்த கிழவியைத் தேடினேன். அந்தக் கிழவியை நெருங்கி வந்திருந்தார் அக்கா. இன்னும் கொஞ்ச காலம் இருந்திருந்தால் எட்டியிருப்பார். அந்த முகத்தைத்தான் எனக்கு வரையத் தெரியும். ஆனால் அது ஏற்கெனவே லாபிஸ் வீட்டுச் சுவரில் அம்மாவாகத் தொங்குகிறது. கொடுத்துவிட்ட முகத்தைத் திரும்ப வாங்கி அவருக்கே எப்படிப் போடுவது என்று தெரியாமல் வர்ணத்தைக் கலக்கிக்கொண்டே இருந்தேன்.

மாலையில் சுப்பையா அண்ணன் போன் செய்தார்.

“தங்கச்சிய வரையுறீங்களாமே டீச்சர். அம்மா பக்கத்துலயே மாட்டப்போறேன். மூக்குத்தி மட்டும் வச்சிடாதீங்க. அத வச்சுத்தான் ரெண்டு பேரையும் அடையாளம் தெரியும்.”

வைக்கவில்லை அண்ணே என்றேன். அந்தப் புள்ளியை வைத்த கை இப்போது இல்லை என்பதை அவரிடம் சொல்ல வேண்டியிருக்கவில்லை.