எதிர்க்கடையில் ஒரு கண்

என் கணவர் முஹ்ஸினுக்கு எனக்கொரு சக்களத்தியைக் கொண்டுவரும் சாமர்த்தியம் கிடையாது. ஆனாலும் எனக்கு ஒரு சக்களத்தி இருக்கிறான். பெயர் கிஷாந்த். தலவாக்கலை கடைத்தெருவில் எங்கள் கடைக்கு நேர் எதிரே, கண்ணாடிக் கதவும் கலர் லைட்டும் போட்டு போன் கடை வைத்திருக்கிறான். கடை திறந்ததிலிருந்து பூட்டும்வரை இவருடைய கண் அங்கேதான். அதில் பாதி பார்வை என் மேல் விழுந்திருந்தால் நான் இந்நேரம் பூரித்துப் போயிருப்பேன்.

இவர் கம்ப்யூட்டர் திருத்துகிறவர், ஊருக்கெல்லாம் நானா, அதாவது அண்ணன். ஒரு காலத்தில் தோட்டத்து ஆபீஸ், பள்ளிக்கூடம், பள்ளிவாசல், கோயில் என்று எங்கே கம்ப்யூட்டர் படுத்தாலும் இவரைத்தான் வான் அனுப்பிக் கூட்டிப்போவார்கள். நோர்வூட்டிலிருந்தெல்லாம் ஆள் வரும். பிறகு எல்லார் கையிலும் போன் வந்தது, எதிரே கிஷாந்தும் வந்து சேர்ந்தான். அவன் கடையில் நாலு பேர் ஏறினால் போதும், இவருக்கு வயிறு பற்றி எரியும். அவன் புதுப் பெயர்ப்பலகை மாட்டிய அன்று இவர் பகல் சோற்றைத் தொடவில்லை. மழை கொட்டித் தெருவில் ஆளில்லாமல் போகிற நாட்களில்தான் முகம் தெளியும். இந்த ஊரில் மழைக்குக் குறைவில்லை, அதனால்தான் எங்கள் குடும்பம் ஓடுகிறது.

போன மாதம் நாகலெட்சுமி மிஸ் வந்தார். அக்கரப்பத்தனைப் பக்கம் ஒரு தோட்டத்தில், கொழுந்து பறிக்கப் போகும் தாய்மார் பிள்ளைகளை விட்டுப்போகிற பிள்ளைக்காம்பராவைப் பார்த்துக்கொள்பவர். அங்கே இருந்த பழைய கம்ப்யூட்டரைப் பெட்ஷீட்டில் மூட்டை கட்டி, பஸ்ஸில் மடியில் வைத்துக்கொண்டு வந்திருந்தார். கையில் கட்டைவிரல் நகம் அளவில் ஒரு யூஎஸ்பி அடப்டர். வயர் இல்லாமல் வைஃபை பிடிப்பதற்காக வாங்கியது.

"ஹட்டன்ல வாங்குனேன் நானா. குத்துனா லைட்டு எரியுது, நெட்டு மட்டும் வர மாட்டேங்குது. கூடவே ஒரு குட்டி சீடி குடுத்தாங்க. இந்தப் பொட்டியில சீடி போட எடமே இல்ல."

"டிரைவர் போடணும் மிஸ். அந்தத் துண்ட எப்பிடிப் பாவிக்கிறண்டு கம்ப்யூட்டருக்குச் செல்லிக் குடுக்கிற சொஃப்ட்வெயார். சின்ன வேல. வெச்சிட்டுப் போங்க," என்றார் இவர்.

மிஸ் எழுந்தவர், தெருவுக்கு அந்தப் பக்கம் ஒரு பார்வை பார்த்தார். "நாளைக்கு வருவேன் நானா. ஆகலேன்னா சொல்லிடுங்க, எதிர்ல குடுத்துப் பாக்குறேன்."

அவ்வளவுதான். சின்ன வேலை அந்த நிமிடமே மானப் பிரச்சினை ஆகிவிட்டது. அந்தப் பெட்டி மட்டும் தெருவைக் கடந்து எதிர்க்கடைக்குள் போனால், கம்ப்யூட்டர் முஹ்ஸின் என்ற பெயரும் சேர்ந்து போய்விடும் என்று இவர் நினைத்தார். உண்மையைச் சொன்னால், நானும் அப்படித்தான் நினைத்தேன்.

முதலில் சீடியில் இருந்ததை எங்கள் மெஷினில் போட்டு, பென் டிரைவில் எடுத்து ஏற்றினார். எல்லாம் முடிந்தது என்று திரையில் வந்தது, நெட் வரவில்லை. அடப்டர் வந்த அட்டைப்பெட்டியின் மேல் இருந்த மாடல் பெயரைத் தேடி இன்னொரு டிரைவரை இறக்கிப் போட்டார். அடப்டரின் பெயருக்குப் பக்கத்தில் மஞ்சள் அடையாளம் அசையாமல் நின்றது. பிறகு, எந்த டிரைவர் வேண்டுமானாலும் தருகிறோம் என்று ஆசை காட்டிய ஒரு தளத்தில் போய் எதையோ இறக்கினார். எங்கள் மெஷின் முழுக்கச் சூதாட்ட விளம்பரமும் உடம்பு இளைக்கிற மருந்தும் குதித்து வந்தன. அதைத் துடைத்து எடுப்பதற்குள் பின்னேரத்து அஸர் தொழுகை நேரம் வந்துவிட்டது.

"இந்த ஒண்டுக்கும் ஒதவாத சாமான அந்தக் கிஷாந்த்தான் வித்திருப்பான்," என்றார்.

"ஹட்டன்ல வாங்கினண்டுதானே மிஸ் சென்னாங்க?"

"அவன்ட ஆக்கள் ஹட்டன்லயும் ஈப்பாங்க."

எனக்குப் பொறுக்கவில்லை. "தெரியாட்டித் தெரியாதுண்டு செல்லுங்களேன். எனத்த கொறஞ்சி போற?"

"அந்தப் பேச்சு அவன்ட காதுல உழுறதுக்கா?" என்று கத்தினார். நான் ஊற்றி வைத்த பிளேன்டீ ஆறிப்போய்க் கிடந்தது. இந்த மனிதன் என்னுடன் சண்டை பிடிப்பதுகூட அவனுக்காகத்தான்.

மறுநாள் காலை அந்த அட்டைப்பெட்டியை ஓரமாக வைத்துவிட்டு, அடப்டரைக் கழற்றிக் கண்ணாடி போட்டுக்கொண்டு பார்த்தார். அதன் மேல் மாடல் பெயருக்குக் கீழே, அட்டையில் இல்லாத ஒரு பதிப்பு எண் பொடி எழுத்தில் இருந்தது. வெளிப்பெயர் அதேதான், உள்ளே இருக்கிற சிப்பை மட்டும் கம்பனி மாற்றிவிட்டிருந்தது. மறுபடி குத்தி, அந்த மஞ்சள் அடையாளத்தைத் திறந்து, சிப் எந்த இனம் என்று சொல்கிற நீளமான எண்ணைக் கண்டுபிடித்து, மாடல் பெயரை விட்டுவிட்டு அந்த எண்ணைத் தேடினார். சிப் செய்த கம்பனியின் பக்கத்திலேயே சரியான டிரைவர் இருந்தது. ஏற்றி, கம்ப்யூட்டரை அணைத்துப் போட்டதும் வைஃபை பெயர்கள் வரிசையாக வந்து விழுந்தன.

முதல் பெயர் 'கிஷாந்த் மொபைல்'. எங்களுடையது அதற்குக் கீழே.

"இதுலயும் முன்னுக்கு வந்து நிக்கிறான் பாரு!" என்றார் இவர். சந்தோஷத்தில் கூட எரிச்சல்.

பஸ் இறங்கி வந்த மிஸ்ஸுக்கு எங்கள் நெட்டிலேயே போட்டுக் காட்டினார். "நானான்னா நானாதான்," என்று அவர் மூட்டையைக் கட்டிக்கொண்டு போனார். அதோடு விட்டிருக்கலாம். இவருக்குப் போதவில்லை. ஜெயித்தது எதிராளிக்குத் தெரியாவிட்டால் என்ன ஜெயம்?

"றுக்கையா, ஒங்கட போன் ஸ்கிரீன் கீறித்தானே ஈக்கி. எதிர்ல போய் ஒரு கண்ணாடி ஒட்டிக்கிட்டு வாங்க." அந்தப் படியை மிதிக்கவே என்னை விடாத மனிதர், 'வாங்க போங்க' மரியாதையோடு சொல்கிறார். "அப்பிடியே மிஸ்ஸிட அடப்டர் வேல நாங்கதான் செஞ்சண்டு காதுல போட்டுடுங்க. மொகத்த மட்டும் நல்லாப் பாத்துக்கிட்டு வாங்க."

போனேன். கிட்டத்தில் பார்த்தால் கிஷாந்த் தடிமன் பிடித்து மூக்குறிஞ்சிக்கொண்டிருக்கிற சாதாரணப் பிள்ளை. என் போனை வாங்கித் துடைத்து, மூச்சைப் பிடித்துக்கொண்டு கண்ணாடியை ஒட்டினான். நான் பேச்சோடு பேச்சாகச் செய்தியைப் போட்டேன்.

அவன் நிமிர்ந்தான். "நானா கம்ப்யூட்டரெல்லாம் பாப்பாங்களா? எனக்குத் தெரியவே தெரியாதுக்கா! ஒங்களுது போட்டோகொப்பி கடைன்னுதான் நெனச்சிக்கிட்டு இருந்தேன். நல்லதாப் போச்சு. யாராச்சும் கேட்டா இனி அங்க அனுப்பி விடுறேன்."

நக்கல் இல்லை. முகத்தை நன்றாகப் பார்த்துவிட்டேன். அவன் கண்ணாடிக் கதவு வழியாக எங்கள் கடையையும் பார்த்தேன். வாசலில் போட்டோகொப்பி மெஷினும் நான் உட்காரும் கதிரையும் தெரிந்தன. உள்ளே இவர் இருக்கிற மூலை இருட்டு. இத்தனை வருடமாக இவர் எரிந்து சாகிறார், அவன் ஒருநாள்கூட இந்தப் பக்கம் சரியாகப் பார்த்ததில்லை. அவன் திமிராக ஏதாவது சொல்லியிருந்தால் எனக்கு இவ்வளவு ஆத்திரம் வந்திருக்காது.

இவர் வாசலுக்கே வந்து நின்றார். "எனத்த சென்னான்?"

"ஒண்டுமே செல்லல்ல," என்றேன். "கேட்டதும் மொகம் கறுத்துப் பெய்த்து. கண்ணாடியையும் கோணலா ஒட்டிட்டான்."

போனைப் பிடுங்கி வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தார். கண்ணாடி இம்மியும் பிசகாமல் நேராக இருந்தது. இவர் அதையே வெகுநேரம் பார்த்தார்.

"ஓ, கோணல்தான்," என்றார். "வயித்தெரிச்சல்ல கை நடுங்கியிருக்கும்."