நிறைந்த கண்மாயும் அக்காள் கிணறும்

கண்மாய் நிறைந்து கிடப்பதைப் பார்த்து யாருக்காவது வயிறு எரியுமா? எனக்கு எரிந்தது. இரண்டு கோடையும் எரிந்தது.

கோச்சடைக்கு மேற்கே இருக்கிற சின்னக் கண்மாய் அது. கரைக்குக் கீழே இருந்த வயலெல்லாம் மனைகளாகி, எங்கள் காலனியாகிவிட்டது. மிச்சம் இருந்தது என் அக்காளின் தென்னந்தோப்பு ஒன்றுதான். அவளுக்குப் பிள்ளை இல்லை. மச்சானும் போய்ச் சேர்ந்த பிறகு அந்தத் தோப்புதான் சோறு, துணை எல்லாம். பெத்த பிள்ளை கைவிட்டாலும் தென்னம்பிள்ளை கைவிடாது என்பார்கள். அக்காள் அதை அப்படியே நம்பியிருந்தாள். தோப்புக் கிணறும் அதுவரை வற்றியதில்லை. கண்மாய்த் தண்ணீர் கரைக்கடியில் கசிந்து அதற்கு வந்துகொண்டே இருக்கும்.

காலனிக்காரர்கள் கெட்டவர்கள் இல்லை. அதுதான் எனக்கு இன்னும் ஆத்திரம். கோழிக்கழிவும் கட்டட இடிபாடும் கொட்டி நாறிக் கிடந்த கண்மாயை அவர்கள்தான் சுத்தப்படுத்தினார்கள். என் வீட்டுக்காரர் காலனிச் சங்கத்தில் முன்னால் நின்றார். ஆனால் கோடையில் தண்ணீர் வற்றித் தரை தெரிந்ததும் மறுபடி குப்பை விழுந்தது. வருஷம் முழுக்கத் தண்ணீர் நின்றால் எவனும் கொட்டமாட்டான் என்று யோசனை சொன்னார்கள். தரை முழுக்கத் தடித்த கருப்பு பிளாஸ்டிக் விரிப்பைப் போட்டு, மேலே மண்ணைப் பரப்பினார்கள். சொட்டுத் தண்ணீர்கூடக் கீழே இறங்காது. சுற்றி நடைபாதை, பெஞ்சு, விளக்கு வேறு.

நான் வீட்டில் கேட்டேன். "கீழ எறங்குற தண்ணி வீணாவா போகுது? எங்கக்கா கெணத்துக்கில்ல போகுது?"

"கண்மாய் நெறஞ்சு கெடந்தா கெணறு எப்பிடிடி வத்தும்?" என்று சிரித்தார்.

அவரை மட்டும் குறை சொல்ல முடியாது. கண்மாய் பெருகினால் கிணறு பெருகும் என்பது எங்கள் பக்கத்தில் பிறந்த எல்லோருக்கும் ஊறிப்போனது. யாரும் கிணற்றை எட்டிப் பார்ப்பதில்லை. கண்மாயைப் பார்த்தே நாற்று விடுவார்கள். அக்காளும் அப்படித்தான். அந்த ஐப்பசியில் கண்மாய் நிறைந்ததும், வழக்கம்போல மடைக் கருப்பசாமிக்குப் பொங்கல் வைத்தோம். முதல் குலையைத் தோப்பிலிருந்து வெட்டிச் சுமந்து வந்தவள் அவள்தான். "இனிமே நமக்கென்ன கவலை" என்று என் கையைப் பிடித்துக்கொண்டாள்.

சித்திரையில் மோட்டார் காற்றை இழுத்தது. மோட்டார்தான் கெட்டுவிட்டது என்று கழற்றிப் பழுது பார்த்தாள். கரைக்கு அந்தப் பக்கம் கண்மாய் தளும்பி நிற்கும்போது வேறு எப்படி நினைப்பாள்? பிறகுதான் எட்டிப் பார்த்திருக்கிறாள். கிணற்றின் அடிப்பாறை தெரிந்தது. மட்டைகள் தொங்கின; குரும்பைகள் பொலபொலவென்று உதிர்ந்தன. கண்மாயில் எஞ்சின் வைத்து இறைக்கலாமென்றால் சங்கம் விடவில்லை. தண்ணீர் குறைந்தால் குப்பை விழுமாம்.

சங்கக் கூட்டத்துக்கே வந்து நின்றாள். என் வீட்டுக்காரரைப் பார்த்துத்தான் பேசினாள். "தம்பி, அந்த விரிப்ப ஒரு ஓரமா கொஞ்சம் கிழிச்சு விடச் சொல்லுங்க. எம்புட்டோ தண்ணி நிக்கிதே. எம் பிள்ளைக சாகுதுக."

அவர் தரையைப் பார்த்தார். யாரோ ஒருவர் எழுந்து, "இம்புட்டு பாடுபட்டுப் போட்டதைக் கிழிக்கவா? ஒரு மழை பெஞ்சா சரியாயிரும்க்கா" என்றார்.

"வாயில என்ன கொழுக்கட்டையா வச்சிருக்கீக? சொல்லுங்க!" என்று எல்லோர் முன்னாலும் என் புருஷனைப் பார்த்துக் கத்தினேன். அக்காள்தான் என்னை வெளியே இழுத்துக்கொண்டு வந்தாள்.

மழையும் பெய்தது. கண்மாய் நிரம்பி வழிந்து வாய்க்காலில் ஓடியது. கிணற்றுக்கு ஒன்றும் வரவில்லை. அடுத்த கோடையில் ஒவ்வொரு மரமாகக் கொண்டை சாய்ந்தது. செங்கல் சூளைக்காரர்கள் வந்து அறுத்த அன்று அக்காள் என் வீட்டு அடுப்படியில் உட்கார்ந்திருந்தாள். ரம்பச் சத்தம் கேட்காமல் இருக்க மிக்சியைப் போட்டேன். "நிறுத்துடி, கேட்டுட்டுப் போறேன்" என்றாள். அன்று அவள் சாப்பிடவில்லை. நானும்தான்.

தலைவலியும் காய்ச்சலும் தனக்கு வந்தால்தான் தெரியும். காலனி வீடுகளின் போர்வெல்களும் வரிசையாகக் காற்று வாங்கின. தெருவில் தண்ணீர் லாரி வந்து நின்றதும் கூட்டம் போட்டு, ஒரே பேச்சில் விரிப்பைக் கிழிக்க முடிவெடுத்தார்கள். முதலில் கை தூக்கியது என் வீட்டுக்காரர்.

அடுத்த மழைக்குக் கண்மாயில் தண்ணீர் ஏறி, மெல்ல இறங்கியது. தை மாதம் ஒருநாள் நாங்கள் மூவரும் தோப்புக்குப் போனோம். தோப்பு என்று பழக்கத்தில் சொல்கிறேன். வெறும் கட்டைகள்தான் நின்றன. அக்காள் கிணற்றை எட்டிப் பார்த்தாள். பாதிக்கு மேல் தண்ணீர்.

"இப்ப வந்து நிக்கிறியே, பாவி!" என்று கிணற்றைத் திட்டினாள். திட்டிக்கொண்டே அழுதாள்.

என் வீட்டுக்காரர் பக்கத்தில் போனார். "அழுவாதீக மதினி. நல்ல தென்னம்பிள்ளையா வாங்கி நானே ஊண்டித் தாரேன். தண்ணிதான் வந்துருச்சே" என்றார்.

அக்காள் முந்தானையால் முகத்தைத் துடைத்துக்கொண்டு அவரைப் பார்த்தாள். குரலில் கோபமே இல்லை.

"அது காய்க்கிற வரைக்கும் நான் இருப்பனா தம்பி?"