படம் எடுத்த இடம்

சென்ற மழையில் எங்கள் மண் சுவர் சரிந்த பிறகு நானும் வீட்டுக்காரரும் தார்ப்பாய்க் கொட்டகையில்தான் இருந்தோம். காற்று வந்தால் தார்ப்பாய் படபடவென்று அடித்துக்கொள்ளும். கூடவே என் நெஞ்சும் அடித்துக்கொள்ளும். எங்களுக்கு அரசாங்க வீடு வந்திருக்கிறது என்று செம்மேட்டு ஆபீசில் சொன்னார்கள். அன்றிலிருந்து எனக்கு ஒரே நினைப்புதான்: அடுத்த மழைக்குள் தளம் போட்டுவிட வேண்டும்.

வேலையைப் பார்க்கிற ஓவர்சியர் பிள்ளை ஒரு நாள் சொல்லாமல் கொள்ளாமல் வந்து நின்றாள். ராசிபுரம் பக்கத்துப் பெண். ஸ்கூட்டியை ரோட்டிலேயே விட்டுவிட்டு ஒற்றையடிப் பாதையில் ஏறி வந்ததில் அவளுக்கு மூச்சு இரைத்தது.

"ஏனுங்க, எந்த எடத்துல கட்டப் போறீங்க?"

வீட்டுக்காரர் மிளகுக் கொடி ஏறிய மரத்துக்குப் பக்கத்து மேட்டைக் காட்டினார்.

"ரெண்டு பேரும் அங்க போய் நில்லுங்க. அம்மா, அவருக்குப் பின்னால ஒளியாதீங்க. ஊடு உங்க பேர்லதான் வந்திருக்குது."

முந்தானையை வாயிலிருந்து எடுக்கச் சொல்லி எடுக்கச் சொல்லி, ஒரு வழியாகப் போனில் படம் எடுத்துக்கொண்டு போனாள். படம் எடுத்தால் படம் எடுத்ததுதானே என்று நாங்கள் இருந்துவிட்டோம். அந்தப் படம்தான் முதல் கல் என்று எங்களுக்கு யார் சொன்னார்கள்?

எங்கள் வகையறாவில் ஒரு வழக்கம் உண்டு. வீடு கட்டும் இடத்தில் சாமையை மூன்று குவியலாக வைத்து, மேலே அளக்கிற படியைக் கவிழ்த்து மூடிவிட்டு வருவோம். மறுநாள் திறந்து பார்க்கும்போது எந்தக் குவியலும் குறைந்திருக்கக் கூடாது. குறைந்தால் அந்த இடம் நம்மை வேண்டாம் என்கிறது. நாள் பார்த்து வீட்டுக்காரர் அந்த மேட்டில் வைத்தார். காலையில் படியைத் தூக்கினால் ஒரு குவியலில் பாதியை எறும்பு இழுத்துக்கொண்டு போயிருந்தது. கீழே இருந்த கொல்லையில் மறுபடி வைத்தோம். அங்கே அப்படியே இருந்தது. கொத்தனார் என் அண்ணன் மகன்தான். அங்கேயே கடக்கால் தோண்டினான். கல் சுமக்க நானும் போனேன். பேஸ்மட்டம் எழும்பியது.

அடுத்த படத்துக்கு ஓவர்சியர் பிள்ளை வந்தாள். போனைத் தூக்கிப் பிடித்தாள், இறக்கினாள், நாலு பக்கமும் திரும்பிப் பார்த்தாள்.

"இது அந்த எடம் இல்லீங்களே?"

"எடம் எங்களுதுதான் கண்ணு" என்றேன் மெதுவாக.

"உங்களுதுதாங்கம்மா. போன் ஒத்துக்க மாட்டேங்குது."

முதல் படம் எடுத்த இடத்தைப் போன் பிடித்து வைத்துக்கொள்ளுமாம். அதைவிட்டுத் தள்ளிப்போனால் அடுத்த படம் எடுக்காதாம். எந்த வீடு எதுவரைக்கும் எழும்பியிருக்கிறது என்று நாமக்கல் ஆபீசில் உட்கார்ந்தபடியே பார்க்கிறார்களாம்.

"அங்க பாத்தா நீங்க இன்னும் மண்ணே தோண்டலீங்க. செவப்பாத் தெரியுது. தெனமும் மீட்டிங்ல உங்க ஊட்டைச் சொல்லித்தான் எனக்குத் திட்டு. இந்த மாசத்துக்குள்ள பச்சையாகலீன்னா ஊட்டை வேற ஆளுக்கு மாத்திருவாங்கம்மா."

நான் பேஸ்மட்டத்தைத் தொட்டுப் பார்த்தேன். கல் வெயிலில் சுட்டது. இதை இல்லை என்கிறார்களே.

அதற்குப் பிறகு என்னால் உட்கார முடியவில்லை. அடுப்பில் களியை வைத்துவிட்டு வெளியே ஓடி மேகத்தைப் பார்ப்பேன். சிமெண்டு மூட்டைகளைத் தொட்டுத் தொட்டுப் பார்ப்பேன். மலைப் பனிக்கு ஓரமெல்லாம் கட்டி தட்டத் தொடங்கியிருந்தது. படம் ஏறாமல் மேலே சுவர் எழுப்பக் கூடாது. கொத்தனார் கரணையைக் கழுவிப் பையில் போட்டுக்கொண்டு வாழவந்தி நாட்டுப் பக்கம் வேறு வேலைக்குப் போகிறேன் என்றான்.

"அத்தை, போனைத் தூக்கிட்டு அந்தப் புள்ள மேட்டுல நிக்கட்டும். ஊடு கீழ நிக்கட்டும். சாய்ச்சுப் புடிச்சாப் போச்சு!"

அடுத்த முறை ஓவர்சியர் பிள்ளை வந்தபோது அவளிடமே சொல்லிவிட்டான்.

"நல்லா சொல்றீங்கண்ணா. என் வேலை போச்சுன்னா உங்களுக்குச் சித்தாளா வந்துர்றேன்" என்றாள். பிறகு மேட்டில் ஏறி நின்று போனைத் தடவினாள். எங்கள் நிலத்தில் சிக்னல் வருவது அந்த மேட்டில் மட்டும்தான். "எடத்தை மாத்தச் சொல்லிக் கேக்கலாம். காரணம் போடோணும். பாறைன்னு இருக்குது, ஊத்துன்னு இருக்குது. பாறைன்னு போட்டுக்கட்டுங்களா?"

"பாறை ஏது அங்க? நல்ல செம்மண்ணு" என்று வீட்டுக்காரர் முகத்தைத் திருப்பிக்கொண்டார்.

எனக்கு எரிச்சலாக வந்தது. பாறை என்றால்தான் என்ன? ஆனாலும், வேண்டாம் என்று சொன்ன இடத்தின் மேல் பொய் சொல்ல எனக்கும் நாக்கு வரவில்லை.

"எறும்புன்னே போடு கண்ணு" என்றேன்.

சாமை வைத்த கதையைக் கேட்டுவிட்டு, சிரித்துக்கொண்டேதான் போட்டு அனுப்பினாள். கொஞ்ச நேரத்தில் போன் அடித்தது. பெரிய ஆபீசர், முகம் தெரிகிற போன். பயனாளியைக் காட்டு என்கிறார். அவள் போனை என் முகத்துக்கு நேரே நீட்டிவிட்டாள். சொந்தக்காரர் வீட்டுக் கல்யாணத்திலேயே பின்வரிசையில் நிற்கிறவள் நான்.

"பேசுங்கம்மா. எறும்பா? எறும்பு போனப்புறம் அங்கேயே கட்டலாமே?" என்றார் ஆபீசர்.

"எறும்பு போயிருமுங்க சாமி. நாங்கதான அங்க படுத்துத் தூங்கோணும்."

அவர் ஏதோ சொல்ல வாயைத் திறந்தார். திறந்தபடியே படம் நின்றுவிட்டது. சிக்னல் போய்விட்டது.

சரி என்றாரா, இல்லை என்றாரா? அதுதான் தெரியவில்லை. மறுபடி எவ்வளவு கூப்பிட்டும் கிடைக்கவில்லை. அவள் போன பிறகு அந்தத் திறந்த வாயையே நினைத்துக்கொண்டு மேட்டுக்கும் கொல்லைக்கும் நடந்தேன். "ஒரு எடத்துல உக்காரேன், தலை சுத்துது" என்று வீட்டுக்காரர் கத்தினார். மேகம் இறங்குவதும் கலைவதுமாக இருந்தது.

மாதம் முடியப் போகிற நேரத்தில் அவள் திரும்ப வந்தாள். பாதையிலிருந்தே, "அம்மா, எடத்தை மாத்திட்டாங்க! பேஸ்மட்டத்துக்கு முன்னால நில்லுங்க!" என்று கூப்பிட்டாள். முந்தானையை நானே இடுப்பில் செருகிக்கொண்டு நின்றேன். போன் படம் எடுத்தது.

"பச்சை ஆயிருச்சா?"

"இன்னைக்கு மேட்டுலயும் சிக்னல் இல்லீங்கம்மா. ரோட்டுக்குப் போனாத்தான் ஏறும்."

அவள் போவதைப் பார்த்துக்கொண்டு நின்றேன். எங்கள் வீடு அவள் கைப்பைக்குள் போய்க்கொண்டிருந்தது. வண்டிச் சத்தம் வளைவில் தேய்ந்தது. பிறகு ரோட்டிலிருந்து ஹாரன் சத்தம், விட்டுவிட்டு. அவள்தான், படம் ஏறிவிட்டது என்கிறாள்.

மறுநாள் கொத்தனார் கட்டி தட்டிய சிமெண்டைச் சலித்துக்கொண்டே, "மாமா, வாசல் நெலை வைக்க நாள் பாத்தாச்சா?" என்றான். வீட்டுக்காரர் சாமைப் பானைப் பக்கம் திரும்பினார்.

"பானையைத் தொடாதீங்க" என்றேன். "மேகத்தைப் பாருங்க."